உயிரோடு இருந்தவருக்கு நான் வாசித்த மரணச் செய்தி

வானொலிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் குரல் பயிற்சி பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். குரலுக்கு என்ன பெரிய பயிற்சி? வெந்நீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள், மைக்கை விழுங்கிவிடுவது போல நெருங்காதீர்கள். முடிந்தது பாடம். வாயிலிருந்து வெளியே போன சொல் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். அது பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

மொன்ட்ரியாலில் ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சியை இருபத்திரண்டு வருடங்கள் நடத்தினேன். பல மொழிக்காரர்கள் மாறி மாறி உட்காரும் சின்ன நிலையம் அது. எங்களுக்கு முன்னால் கிரேக்கர்கள், பின்னால் ஹெய்த்திக்காரர்கள். நான் திருச்சிக்காரி. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்தவர்கள். என் தமிழ் சுத்தமான தமிழ் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த நினைப்புக்குத்தான் செமத்தியாக அடி விழுந்தது.

இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த அந்த வருடங்களில், ஒரு கோடைகாலம். ஒரே பாட்டு ஊர் ஊராக, மொழி மொழியாக எப்படிப் போனது என்று வாரம் ஒரு பாட்டை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. எனக்கோ தலைகால் புரியவில்லை.

அந்த வாரத்துக்கு நான் எடுத்த பாட்டு அமெரிக்காவில் அறுபதுகளில் வந்தது. பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்காத மூன்று பெண்கள் சேர்ந்து பாடியது. வாசலில் ஒரு பையன் வந்து நிற்கிறான். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பெண் தன் தம்பியிடம் சொல்கிறாள்: கேட்டால் நான் இல்லை என்று சொல். முதல் சரணத்தில் அதட்டுகிறாள், இரண்டாவதில் குரல் இறங்குகிறது, மூன்றாவதில் அவன் திரும்பிப் போகிறானே என்று அவளே ஓடுகிறாள். இரண்டரை நிமிடம். ஒரு டிரம், மூன்று பெண்களின் கைதட்டல், பேருக்கு ஒரு கிட்டார். அவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அத்தனை செய்துவிட்டார்களே என்று இன்றைக்கும் வாயைப் பிளக்கிறேன்.

ஒரு வருடத்துக்குள் அதை இதே மொன்ட்ரியாலில் பிரெஞ்சில் பாடிவிட்டார்கள். தம்பியைத் தூக்கிவிட்டு அம்மாவை வாசலில் நிறுத்தினார்கள், அந்த அம்மா பையனை விரட்டு விரட்டென்று விரட்டுகிறாள். அடுத்து இங்கிலாந்தில் தலைமுடி வளர்த்த நான்கு பையன்கள் அதையே எழவு வீடு மாதிரி இழுத்துப் பாடினார்கள். அதை எனக்குச் சகிக்கவில்லை. எழுபதுகளில் டிஸ்கோ வந்தபோது பாட்டு ஏழு நிமிடம் ஆகிவிட்டது. ஏழு நிமிடமும் அவள் வீட்டில் இல்லை. பிறகு டெலிபோன் பதில் சொல்லும் கருவி ஒன்றுக்கு விளம்பரமாகவும் வந்தது, அதைக் கேட்டு நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

இதே பாட்டு தமிழில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முந்தின வாரம் மொன்ட்ரியால்-நோரிலிருந்து ஒரு பெரியவர் பஸ் மாறி மாறி நிலையத்துக்கே வந்து, ஒரு உறையை மேசையில் வைத்தார். உள்ளே சின்ன இசைத்தட்டு. கொழும்பில் எழுபதுகளில் பொப் பாட்டுகள் தூள் பறந்த காலத்தில் வெளிவந்தது. பாடியவர்கள் மலர் சகோதரிகள். தட்டின் நடுவில், "செல்வமலர், உடன் தவமலர், யோகமலர்" என்று அச்சடித்திருந்தது.

போட்டுக் கேட்டேன். முன்னால் பாடும் அந்தப் பெண் குரல் இருக்கிறதே, பிள்ளைகளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்கப் பெண்ணிடம் இல்லாத ஒரு நக்கல் அதில் இருந்தது. "கேட்டால் நான் இல்லையென்று சொல்லு தம்பி" என்று அவர் இழுக்கும் இடத்தில், அவர் எங்கேயும் போகவில்லை, கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

"இவையில மூத்தவ போன பனிக்காலம் லண்டனில செத்துப்போனா" என்றார் பெரியவர். "பேப்பரில வந்தது, வெட்டி உள்ளுக்கு வச்சிருக்கிறன். கடைசி ஆள் இஞ்ச எங்கட பக்கம்தான் எங்கயோ இருந்தவ. பழைய நம்பர் ஒண்டு இருக்கு. சரியோ தெரியாது." அடுத்த நாள் அவர் டொரொன்டோவில் இருக்கும் மகனிடம் போய்விட்டார்.

இனிமேல்தான் நான் செய்த வேலை. ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்ல இரண்டு ஆதாரம் வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. அந்த விதியை நான் மீறவில்லை. மீறியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

முதல் ஆதாரம் அந்தப் பேப்பர் துண்டு. யாழ்ப்பாணத்தவர்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். இறந்தவர் பெயர், பிறகு உறவு முழுவதும் வரிசையாக. தவமலர் லண்டனில் காலமானார் என்று தொடங்கி, அன்னார் காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் தம்பதிகளின் மூத்த மகளும் என்று பெற்றோரைச் சொல்லி, கடைசியில் "காலஞ்சென்ற யோகமலர், செல்வமலர் ஆகியோரின் அன்புச் சகோதரியும் ஆவார்" என்று முடிந்திருந்தது. படித்தேன். காலஞ்சென்ற யோகமலர், செல்வமலர். அப்படியானால் இரண்டு தங்கைகளும் முன்பே போய்விட்டார்கள், இப்போது மூத்தவரும் போய்விட்டார். அடடா என்று உச்சுக் கொட்டினேன்.

இரண்டாவது ஆதாரத்துக்காக அந்தப் பழைய நம்பருக்கு அடித்தேன். வியாழக்கிழமை மதியம். ஒரு குழந்தை எடுத்தது, ஆறு வயதுதான் இருக்கும்.

"அலோ?"

"செல்வமலர் அம்மா வீடாம்மா? அவங்க இருக்காங்களா கண்ணு?"

குழந்தை பிரெஞ்சில் ஏதோ தொடங்கி, பிறகு தமிழைத் தேடி எடுத்து, தெளிவாகச் சொன்னது: "அம்மம்மா இல்லை." அம்மம்மா என்றால் அவர்கள் பேச்சில் பாட்டி.

எங்கள் ஊரில் ஒரு பெரியவரைப் பற்றிக் கேட்கும்போது "அவர் இல்லை" என்று பதில் வந்தால் அதற்கு மேல் கேட்க மாட்டோம். அது நாகரிகம். கையில் அந்த அறிவித்தலை வைத்துக்கொண்டு அந்த இரண்டு சொல்லைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. "சாரிடா செல்லம்" என்றேன். குழந்தை உற்சாகமாக "பை பை" சொல்லி வைத்துவிட்டது. பாவம், சின்னக் குழந்தை, சாவு என்றால் என்னவென்று தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலைக்குப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையில் அங்கேதான் போயிருந்தார்.

இரண்டு ஆதாரம் கிடைத்துவிட்டது அல்லவா? அப்புறம் என்ன, வாக்கியம் செய்ய உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை முழுவதும் அடித்தும் திருத்தியும் எழுதினேன். எழுதியதைக் கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

எங்கள் நிகழ்ச்சியில் மரண அறிவித்தல் வாசிக்க வேறொருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணை. அவரும் யாழ்ப்பாணம்தான், அறுபதைத் தாண்டியவர். ஒவ்வொரு அறிவித்தலையும் வாசிப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போன் செய்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "இவர் இருக்கிறாரோ, இல்லாட்டி மோசம் போனவரோ?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசிப்பார். இதென்ன கணக்கெடுப்பு என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவர் வாசிக்கும் பத்து நிமிடத்தில் நான் டீ குடிக்க எழுந்து போய்விடுவேன். அத்தனை வருடங்களில் ஒரு அறிவித்தலைக்கூட நான் முழுதாகக் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆனால் ஊர் கேட்டது. இந்த நகரத்தில் யார் செத்தாலும் ஜனங்களுக்கு முதலில் எங்கள் நிகழ்ச்சியிலிருந்துதான் தெரியும். எங்கள் வாயிலிருந்து வந்தால் செத்தது செத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை, நான் செதுக்கி வைத்திருந்ததை வாசித்தேன். மூத்தவர் தவமலர் சென்ற பனிக்காலத்தில் லண்டனில் மறைந்தார். அவருக்கு முன்பே யோகமலரும், இந்தப் பாட்டை முன்னின்று பாடிய செல்வமலரும் மறைந்துவிட்டார்கள். நம் நகரத்திலேயே வாழ்ந்த ஒரு பெரிய பாடகியை நாம் அறியாமலே இழந்துவிட்டோம். இனி அந்த மூன்று குரல்களும் இந்தத் தட்டில் மட்டுமே. இப்படி முடித்துவிட்டு, குரலை ஒரு இழை தழுதழுக்கவும் வைத்தேன். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவளே உருகிப்போய் நெஞ்சில் கை வைத்தாள். தமிழ்ப் பாட்டு, அதன் வாலிலேயே மூலப்பாட்டு, இரண்டும் தொடர்ந்து ஓடும்படி ஏற்பாடு. எனக்கு ஐந்து நிமிடம் ஓய்வு.

"கேட்டால் நான் இல்லையென்று சொல்லு தம்பி" என்று அவர் பாடத் தொடங்கினார்.

அண்ணை உள்ளே வந்தார். மேசையில் கிடந்த பேப்பர் துண்டை எடுத்துப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"தங்கச்சி, கடைசி ஆள் செத்தது எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"அதுலயே இருக்கே அண்ணே. காலஞ்சென்ற யோகமலர், செல்வமலர்."

"ஐயோ. ரெண்டு பேரும் செத்திருந்தால் 'காலஞ்சென்றவர்களான' எண்டெல்லோ போடுவினம்? மேல பாரும், தாய் தேப்பனுக்கு அப்பிடித்தான் போட்டிருக்கு. 'காலஞ்சென்ற' எண்டால் பக்கத்தில நிக்கிற ஒராள்தான். யோகமலர் செத்திட்டா. செல்வமலர் இருக்கிறா."

குனிந்து பார்த்தேன். அதே துண்டில், நான்கு வரி மேலே, அந்தச் சொல் முழுதாக நின்றுகொண்டிருந்தது. நான் அதைத் தாண்டித்தான் கீழே வந்திருக்கிறேன். சுத்தத் தமிழ்க்காரி!

"இல்லண்ணே, வீட்டுக்குப் போன் பண்ணினேன். குழந்தை சொல்லிச்சு, இல்லைன்னு."

"என்னெண்டு சொன்னது?"

"அம்மம்மா இல்லைன்னு."

அவர் திட்டியிருந்தால் தேவலை. பேப்பர் துண்டை என் முன்னால் வைத்தார். அப்போதுதான் விளங்கியது, என் இரண்டு ஆதாரமும் ஒரே ஆதாரம்தான். இரண்டிலும் நான் கேட்க நினைத்ததையே நான் கேட்டிருக்கிறேன்.

அப்போது போன் அடித்தது.

"நான் கோட்-டெ-நெய்ஜில ஆஸ்பத்திரியில இருந்து கதைக்கிறன்." பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "செல்வமலற்ற மகள். இஞ்ச வேலை செய்யிற ஆக்கள் றேடியோ போட்டிருந்தவை. செல்வமலர் செத்தது எண்டது மட்டும்தான் காதில விழுந்தது. அம்மாக்கு என்ன நடந்தது? எங்க வச்சு நடந்தது? என்ர பிள்ளை எங்க?"

"குழந்தையா?" என்றேன்.

"பிள்ளையும் அம்மாவோடதான் போனது. இல்-பிசார் தீவில குடிபூரல் எண்டு காலமை காரில ஏத்திக்கொண்டு போனவை. பேந்து படகில போறதெண்டும் கதைச்சவை. உங்களுக்கு ஆர் அறிவிச்சது? படகோ? சொல்லுங்கோ அக்கா, என்ர பிள்ளை எங்க?"

யோசித்துப் பாருங்கள். காலையில் சிரித்துக்கொண்டு புதுவீட்டு விருந்துக்குப் போன அம்மா செத்துவிட்டதாக, மரணச் செய்தி தப்பாமல் சொல்லும் வானொலி சொல்கிறது. கூடவே அந்த அம்மாவின் குரலில் நான் இல்லையென்று சொல்லு என்று பாட்டு வேறு வருகிறது. அம்மாவிடம் செல்போன் கிடையாது. அம்மாவோடு ஆறு வயதுக் குழந்தை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என் நெஞ்சு வெடித்திருக்கும்.

நாக்கு நுனியில் வந்தது என்ன தெரியுமா? "ஒண்ணும் இல்லம்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." சொல்லியிருக்கலாம், அவளுக்கும் உயிர் வந்திருக்கும். ஆனால் அதுவும் எனக்குத் தெரியாதே! எனக்குத் தெரியாததைச் சொல்லித்தானே இந்தக் கதிக்கு வந்தோம்?

"அம்மா, கேளுங்க" என்றேன். "எனக்கு யாரும் எந்தச் செய்தியும் அறிவிக்கல. விபத்துன்னு யாரும் சொல்லல. ஒரு பழைய பேப்பரை நான் தப்பாப் படிச்சேன், அவ்வளவுதான். உங்க அம்மாவும் குழந்தையும் இந்த நிமிஷம் எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. லைனை வைக்காதீங்க. இப்பவே கண்டுபிடிக்கிறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினேன். பாட்டை வெட்டு என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் சைகை. மூலப்பாட்டு நடுவில் அறுந்தது. நிகழ்ச்சி முடியும்போது பதமாக ஒரு திருத்தம் வாசித்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மானம் போகிறதே என்றிருந்தது. போனால் போகட்டும் என்று மைக்கைத் திறந்தேன்.

"கொஞ்சம் முன்னாடி நான் சொன்னது தப்பு. மலர் சகோதரிகள் மூணு பேரும் இல்லைன்னு சொன்னது என் தப்பு. செல்வமலர் அம்மா இல்-பிசார்ல ஒரு புதுவீட்டு விருந்துக்குப் போயிருக்காங்க, கூட ஒரு சின்னக் குழந்தை. அந்த வீட்டுல யாராவது இதைக் கேட்டீங்கன்னா உடனே நிலையத்துக்குப் போன் பண்ணுங்க. அவங்க மகள் பயந்துபோய் லைன்ல காத்திருக்காங்க."

எழுதி வைக்காமல் பேசினேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்களா? நான் அப்போது கண்டுபிடிக்கவில்லை.

வேறு ஏதோ வாத்திய இசையைப் போடச் சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். மகளின் மூச்சு கேட்டது. இரண்டாவது போன் அடித்தபோது அண்ணை எடுத்து, உடனே என்னிடம் நீட்டினார். பின்னால் ஒரே சத்தம், பாத்திரம், சிரிப்பு, குழந்தைகள்.

"அலோ, றேடியோவோ? நான்தான் செத்துப்போன செல்வமலர் கதைக்கிறன்."

"அம்மா! குழந்தை?"

"ஆர், இவளோ? இஞ்ச ஏசியும் கேளாமல் மூண்டாவது வடை தின்னுறாள். என்ன பிள்ளை, உமக்கு என்ன விசரே? குசினியில றேடியோ ஓடிக்கொண்டிருக்கு, முப்பது வருசத்துக்குப் பிறகு எங்கட பாட்டு வரப்போகுது எண்டு நான் துள்ளி எழும்ப, நான் செத்துப்போனன் எண்டு நீர் சொல்லுறீர்!"

நான் சிரித்தேனா அழுதேனா, தெரியாது. இரண்டு ரிசீவரையும் எடுத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, காதோடு வாயும் வாயோடு காதும் சேர ஒட்டிப் பிடித்தேன். மகள் அழுதாள், அம்மா ஏசினார், குழந்தை வந்து வடை வாயோடு பிரெஞ்சில் ஏதோ சொன்னது. ஒலிப்பதிவுப் பெண்ணுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை, ஆனாலும் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு வழியாக ஆயிற்று என்று ரிசீவர்களைப் பிரித்து, மன்னிப்புக் கேட்க அம்மாவுடையதைக் காதில் வைத்தேன்.

"அதை விடும் பிள்ளை" என்றார். "எனக்கு வேற ஒரு சந்தோசம். லண்டனில அக்காவும் செத்தது எண்டு நீர் முதல் சொல்ல எனக்கு நெஞ்சு ஒருக்கா நிண்டுபோச்சு. பேந்து பார்த்தால் என்னையும் சாக்காட்டினீர். அதோட மூண்டு பேரும் எண்டது பிழை எண்டும் நீரே சொல்லிப்போட்டீர். யோகமக்கா இடம்பெயரேக்குள்ள போனது எனக்குத் தெரியும். அப்ப பெரியக்கா இருக்கிறா, என்ன? ஊருக்குப் போயிருக்கிறா, அங்க போன் இல்லை எண்டு என்ர மகள் சொன்னவள். அவவோட நான் கட்டாயம் ஒரு விசயம் கதைக்க வேணும்."

மற்ற ரிசீவர் மேசையில் கிடந்தது, அதில் மகளின் குரல் சின்னதாகக் கேட்டது. எடுத்தேன்.

"அக்கா, அம்மா பெரியம்மாவைப் பற்றிக் கேக்கிறாவோ? சொல்லிப்போடாதேங்கோ. மாசியில அம்மாக்கு இருதயத்தில ஒப்பரேசன். அதே கிழமைதான் பெரியம்மா செத்தது. அப்ப நாங்கள் சொல்லேல்லை. பேந்து சொல்லுவம், பேந்து சொல்லுவம் எண்டு அப்பிடியே போட்டுது. அம்மாக்கு மட்டும்தான் தெரியாது."

மூன்று பேரும் இல்லையென்று சொன்னது தப்பு. இதுதான் என் திருத்தம்! ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அவசரத்தில், மூன்று பேரையும் எழுப்பி உட்கார வைத்துவிட்டேன். பிழையாவது ஒரு தடவை பிழை. பிழையான திருத்தம் இருக்கிறதே, அதை நம்பிவிடுவார்கள், ஏனென்றால் அது மன்னிப்போடு சேர்ந்து வருகிறது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு காதில் அம்மா, "அலோ பிள்ளை, நிக்கிறீரோ?" என்கிறார். மறு காதில் மகள், "சொல்லாதேங்கோ" என்கிறாள். ஆமாம் அம்மா, அதுவும் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் விருந்து தொடரும். எத்தனை நாளைக்கு? இன்று இரவு அக்காவைத் தேடி அவர் லண்டன் வீட்டுக்குப் போன் போட மாட்டாரா? அண்ணையைப் பார்த்தேன். அவர் மிக மெதுவாகச் சொன்னார்: "நீர் சொல்ல வேண்டாம். ஆனால் பொய்யும் சொல்ல வேண்டாம்."

"அம்மா" என்றேன், "முதல்ல ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருங்க. பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு வச்சுக்குங்க. உங்க மகள் பேசுவாங்க."

பின்னால் சத்தம் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு நாற்காலி இழுபடுவது கேட்டது.

மகளிடம் சொன்னேன்: "நான் பொய் சொல்ல மாட்டேன்மா. உண்மையை நான் சொல்றதும் முறையில்ல. நீங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்க, உங்க அம்மா உடம்பு உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க." மறுபடி இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். கேட்கக் கூடாது என்றுதான் முகத்தைத் திருப்பினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப அக்கா?"

"ஓம் அம்மா."

"எப்ப?"

"நீங்கள் ஆஸ்பத்திரியில இருக்கேக்க."

மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாள். விருந்துக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து, தண்ணீர் கொடுப்பது கேட்டது. மகள், மருந்து குடித்தீர்களா, நெஞ்சு நோகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஓம், இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் அவர், "அந்தப் பிள்ளையிட்ட குடு" என்றார்.

காதில் வைத்தேன். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

"பிள்ளை, நீர் பிழையாச் சொன்னது இன்னும் ஒண்டு இருக்கு. முன்னுக்கு நிண்டு பாடினது நான் எண்டு சொன்னீர். அது நானில்லை."

"தட்டுல உங்க பேர்தாம்மா போட்டிருக்கு."

"போட்டவைதான். பாடினது அக்கா. அவ அப்ப பள்ளிக்கூட ரீச்சர். ரீச்சர் பொப் பாட்டுப் பாடினால் சனம் என்ன கதைக்கும் எண்டு ஐயா அவவின்ர பேரை முன்னுக்குப் போட விடேல்லை. நான் சின்னப் பிள்ளைதானே எண்டு என்ர பேரைப் போட்டவை. நானும் யோகமக்காவும் கை தட்டினதும் பின்னுக்கு ஓ ஓ எண்டதும்தான். பேந்து எங்க போனாலும் சனம் என்னைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கும், என்ன குரல், என்ன குரல் எண்டு. நானும் ஓம் ஓம் எண்டு நிண்டிட்டன். அக்கா பக்கத்திலதான் நிப்பா. ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. இவ்வளவு வருசமும் அவவிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை நான். இண்டைக்கு றேடியோவில பாட்டைக் கேட்டவுடன, இனியும் வச்சிருக்கக் கூடாது, எப்பிடியெண்டாலும் அவவைத் தேடிப் பிடிச்சுச் சொல்லிப்போட வேணும் எண்டு நினைச்சன். அதுதான் அந்த விசயம்."

அன்று மதியம் என் குரல் உண்மையாகத் தழுதழுத்தது அப்போது ஒரு தடவைதான், அப்போது மைக் மூடியிருந்தது.

"நான் சொல்றேன்மா. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. இப்பவே சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்லும். இந்தமுறை பிழை விடக்கூடாது."

தாளை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொரு பெயராகத் திருப்பி வாசித்துக் காட்டினேன். பாடியவர் தவமலர். கை தட்டியவர்கள் யோகமலர், செல்வமலர். மூவரில் இன்று நம்மோடு இருப்பவர் செல்வமலர் ஒருவரே. ஓம், ஓம் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். அண்ணை அந்தத் தாளை வாங்கி ஒரு தடவை பார்த்துத் தலையசைத்தார். ஒலிப்பதிவுப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் விரலைத் தூக்கினாள்.

"பிள்ளை" என்றார் அவர், நான் போனை வைக்கப்போகும் நேரத்தில். "உங்கட றேடியோ லண்டனில கேக்குமோ?"

"கேக்காதும்மா. இந்த ஊருக்குள்ள மட்டும்தான்."

"ஓம், தெரியும்" என்றார். "எண்டாலும் சொல்லும்."

சொன்னேன்.